கிணற்றுக் கணக்கு கோட்டை வரை எட்டுமா?

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மாசி பிறந்துவிட்டால் கிணற்று மேட்டில் ஒரே பேச்சுதான். நவரை நெல்லுக்குத் தண்ணீர் கடைசிவரை தாங்குமா, பால் பிடிக்கும் நேரத்தில் கைவிட்டுவிடுமா? தாங்காது என்று தெரிந்ததும் அடுத்த கவலை வருகிறது. கிணற்றை இன்னும் பத்தடி வெட்டுவதா, கிணற்றுக்குள்ளேயே துளை போடுவதா, கடனை வாங்கிப் புதிதாக ஆழ்துளைக் கிணறு இறக்குவதா? இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இதில் தவறான முடிவு எடுத்தால் அந்த ஆண்டு வருமானம் போவதோடு நிற்காது. வீட்டு நகையும் சில சமயம் நிலப் பத்திரமும் சேர்ந்து போகும்.

இந்தக் கவலை விவசாயிகளுக்கு மட்டுமே தெரிந்தது என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். இந்தியாவிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட கிராமப்புறங்களில் ஒன்று பழைய வட ஆர்க்காடு மாவட்டம். கீழ்பென்னாத்தூர் உள்ளிட்ட திருவண்ணாமலை மாவட்டம் 1989-ஆம் ஆண்டு வரை அதில்தான் அடங்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக இங்கே ஆய்வாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் அரசாங்கத்தின் காதில் விழுந்தவை எவை, விழாமற்போனவை எவை என்று பார்ப்பது சிறு விவசாயிகளுக்கு மிகவும் பயன்படும்.

மூன்று முறை வந்த ஆய்வு

முதல் ஆய்வு 1973-74-இல் நடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பி. எச். ஃபார்மர் என்ற புவியியல் அறிஞரின் தலைமையில், வட ஆர்க்காட்டில் பத்துக்கும் மேற்பட்ட நெல் கிராமங்களை எடுத்துக்கொண்டன. இலங்கையிலும் இதே ஆய்வு நடைபெற்றது. புதிய குட்டை ரக நெல் வந்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி. ஆனால் விதையைப் பற்றிக் கேட்கப் போனவர்கள் தண்ணீரைப் பற்றிய கவலையோடு திரும்பினார்கள். 1977-இல் வெளியான அவர்களுடைய நூலில், இலங்கையைச் சேர்ந்த மத்தும பண்டார என்ற ஆய்வாளர் நீர் விளைவுகளைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதினார். கவலை ஏற்றம் போய்ப் பம்ப் செட் வந்தபின் வட ஆர்க்காட்டில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டு வருகிறது என்ற எச்சரிக்கை அப்போதே அச்சில் ஏறிவிட்டது.

இரண்டாம் முறை 1982 முதல் 1984 வரை கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் அதே கிராமங்களுக்கு வந்தன. முதல் ஆண்டு கடும் வறட்சி, அடுத்த ஆண்டு நல்ல மழை என்று இரண்டையும் அவர்களால் பார்க்க முடிந்தது. பத்தாண்டுகளுக்கு முன் தயங்கித் தயங்கி நடப்பட்ட புதிய நெல் ரகங்கள் அதற்குள் பெரும்பாலான வயல்களைப் பிடித்துவிட்டிருந்தன. இந்த ஆய்வை பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991-இல் நூலாக வெளியிட்டார்கள். இராமசாமி பின்னாளில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர்.

மூன்றாம் முறை 1990-களின் நடுப்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஜனகராஜனும், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் வந்தார்கள். ஆரணிப் பக்கத்து நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் ஆகிய மூன்று ஊர்களை மறுபடியும் ஆராய்ந்து 2004-இல் நூல் வெளியிட்டார்கள். பங்குக் கிணறு, கிணற்றை ஆழப்படுத்தும் போட்டி, தண்ணீர் விற்பனை ஆகியவற்றை ஜனகராஜன் விரிவாக எழுதினார். பக்கத்துக் கிணறு பத்தடி இறங்கினால் நாமும் இறங்க வேண்டும். இறங்க முடியாதவர் தம் கிணற்றைக் கைவிட்டு, இறங்கியவரிடமே தண்ணீர் வாங்க வேண்டும். கிணற்று மேட்டில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் செய்தி இவ்வாறு ஆய்வு நூலிலும் ஏறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1973-இல் கேட்ட கேள்விக்கு 1977-இல் நூல் வந்தது. 1983-இல் கேட்டதற்கு 1991-இலும், அடுத்ததற்கு 2004-இலும் வந்தன. எல்லாம் ஆங்கில நூல்கள். விலையும் சிறு விவசாயியின் கைக்கு எட்டாது. ஆய்வாளர்கள் மீது குறை சொல்லிப் பயனில்லை. சரிபார்த்து எழுதக் காலம் ஆகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பத்தாண்டுகளுக்குள் கிணறு எத்தனை முறை ஆழமாகிவிடும்?

பாறை கொடுக்கும் கணக்கு

அவர்கள் எச்சரித்தது ஏன் என்பதை ஒரு கூட்டல் கழித்தலிலேயே தெரிந்துகொள்ளலாம். திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. மேலே மண், அதன்கீழ் சில பத்தடிகளுக்கு உளுத்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகளில் மட்டும் நீர் ஓடும் கெட்டிப் பாறை. நம் கிணற்று நீரெல்லாம் பெரும்பாலும் அந்த உளுத்த பாறையில் தேங்கும் மழைநீர்தான். கீழே போகப் போக வெடிப்புகள் குறையும். ஆகவே ஆழம் இரண்டு மடங்கானால் தண்ணீரும் இரண்டு மடங்காகும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 லட்சம் லிட்டர். இத்தகைய உளுத்த பாறைப் பகுதிகளில் மழையில் 8 முதல் 12 விழுக்காடு வரை நிலத்தடிக்கு இறங்குவதாக அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறை கணக்கிடுகிறது. பத்து விழுக்காடு என்று கொண்டால் ஓர் ஏக்கருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 4 லட்சம் லிட்டர். ஏரி நிரம்பும் ஆண்டில் அதன் ஆயக்கட்டுக் கிணறுகளுக்கு இதற்கு மேலும் ஊறும்.

இனிச் செலவைப் பார்க்கலாம். நெல்லுக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். நவரையில் மழை பெரிதாகக் கிடையாது, அத்தனையும் கிணறுதான். வயலில் பாயும் நீரில் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்கும். தாராளமாகப் பாதி இறங்குவதாகவே கழித்துவிடலாம். அப்போதும் 24 லட்சம் லிட்டர் மிஞ்சுகிறது. ஆறு ஏக்கரில் பெய்த மழை ஓர் ஏக்கர் நவரை நெல்லுக்குப் போகிறது என்பதே இதன் பொருள். இரண்டு ஏக்கர் நிலம் உள்ளவர் ஓர் ஏக்கரில் நவரை நட்டால் தம் நிலத்து மழை போக மற்ற நான்கு ஏக்கர் மழையைப் பக்கத்து நிலங்களிலிருந்துதான் இழுத்தாக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரும் அதையே செய்கிறார். மணிலாவுக்கு (மல்லாட்டை என்று சொன்னால்தான் இங்கே சட்டென்று புரியும்) மொத்தத் தேவை 500 மில்லிமீட்டர் அளவே. கேழ்வரகுக்கு அதனினும் குறைவு. மோட்டார் ஓடும் நேரம் நெல்லுக்கு ஆவதில் பாதிகூட ஆகாது.

கேட்டதும் கேளாததும்

இத்தனை தெளிவான கணக்கு இருந்தும் அரசின் கொள்கை வேறு பக்கமாகப் போனது எப்படி?

ஆய்வுகள் எல்லாமே வீணாயின என்று சொல்ல முடியாது. புதிய ரகம், உர அளவு போன்றவை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வேளாண்மைத் துறைக்கு விரைவாகவே போய்ச் சேர்ந்தன. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் மணிலா ரகங்கள் இந்தப் பக்கத்துக் காடு கழனிகளுக்கு வந்தது அப்படித்தான். பிற்காலத்தில் ஒற்றை நாற்று நடவும் அப்படியே. வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04-இல் காவிரிப் பாசனத்திலும் தாமிரபரணிப் பாசனத்திலும் விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்துக் காட்டியது. சில ஆண்டுகளில் அது ‘செம்மை நெல் சாகுபடி’ என்ற பெயரில் மாநிலம் முழுவதற்குமான அரசுத் திட்டமாயிற்று. இவற்றில் எவருக்கும் நட்டமில்லை. விளைச்சல் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுக்குக் கோட்டையில் கதவு தானே திறக்கும்.

தண்ணீரைக் குறைவாக எடுங்கள் என்று சொல்லும் ஆய்வுக்கு அந்த வரவேற்பு கிடைக்காது. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1989-90-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப் செட் மின்சாரம் இலவசமானது. சிறு விவசாயிக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. அது இல்லையேல் பலர் அன்றே நிலத்தை விட்டிருப்பார்கள். ஆனால் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கும் பழக்கமும் அதோடு போயிற்று. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-இல் விலக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில், மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் 462 பிர்காக்கள் ‘அளவுக்கு மீறி எடுக்கப்பட்டவை’ என்ற பட்டியலில் வந்தன. ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்பதே அதன் பொருள். பாதுகாப்பானவை 427 மட்டுமே.

அந்தப் பட்டியலில் தம் பிர்கா எங்கே இருக்கிறது என்று கேட்டறிவது நல்லது. ஊறும் நீரில் எடுக்கத்தக்க பங்கை 100 என்று வைத்து, 70 வரை எடுத்தால் பாதுகாப்பு, 70 முதல் 90 வரை பாதி அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-க்கு மேல் அளவு மீறல் என்று பிரித்திருக்கிறார்கள். கிணற்றுக் கடனும் நீர் தொடர்பான அரசுத் திட்டங்களும் இந்த வகைப்பாட்டைப் பார்த்தே முடிவாகின்றன. ஆனால் ஒரு பிர்கா முழுவதற்கும் அளவெடுக்கும் கண்காணிப்புக் கிணறுகள் சிலவே. ஒரே பிர்காவில் ஏரிக்கு அடியில் ஒரு கிணறும் மேட்டுப் புஞ்சையில் ஒரு கிணறும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சராசரிதான் எழுதப்படும். ஆய்வாளர் கிராமத்தைப் பார்க்கிறார், அரசு பிர்காவைப் பார்க்கிறது, விவசாயிக்குத் தெரிந்ததோ தம் சர்வே எண். மூன்றும் சந்திக்காததுதான் ஐம்பதாண்டுத் தொல்லைக்கு முக்கிய காரணம்.

பாலாற்றங்கரையில் நடந்தது

மூன்றும் சந்தித்த இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கலந்து கிணறுகள் உப்பாகிப் போயின. வேலூரில் இருந்த வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் ஒரு முதற்கட்டக் கணக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பது அதன் முடிவு. அலுவலக அலமாரியிலேயே அது தூங்கியிருக்கலாம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அந்தக் கணக்கும் இடம்பெற்றது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு அளித்தபோது, தீர்ப்பிலேயே 35,000 ஹெக்டேர் என்ற எண் எழுதப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

அதன்படி மைய அரசு ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. ஹெக்டேர் கணக்கோடு நில்லாமல், பாதிக்கப்பட்டவர் யார், அவருக்கு எவ்வளவு இழப்பு என்று ஆள் ஆளாகப் பார்த்தார்கள். 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு என்று முடிவாயிற்று. பணம் எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்றால் இல்லை. அந்த வழக்கின் வால் இன்னும் நீண்டு, 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியதாயிற்று. எஞ்சிய இழப்பீட்டை அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. முப்பது ஆண்டுத் தாமதம் கொடுமைதான். இருந்தாலும் ஓர் ஆய்வு, ஒரு விவசாயியின் பெயருக்கு நேரே ஒரு தொகையாக மாறியது அங்கேதான். நிலம், நாள், அளவு, ஆள் என்ற நான்கும் எழுத்தில் இருந்தபடியால் அது முடிந்தது.

கயிறும் நோட்டும்

கீழ்பென்னாத்தூர் விவசாயிகள் இதற்காக வழக்குப் போட வேண்டியதில்லை. வேண்டியது ஒரு கயிறும் ஒரு நோட்டும்.

கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு கனமான இரும்புத் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் வர்ணத்தால் அடையாளம் இட்டு, எப்போதும் அங்கிருந்தே கயிற்றை இறக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள், முதல் தேதி என்று வைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் மோட்டார் போடும் முன்பு அளக்க வேண்டும். இரவெல்லாம் மோட்டார் ஓடியிருந்தால் அன்று அளந்து பயனில்லை. ஒரு நாள் தள்ளிப் போடலாம். நோட்டில் தேதி, சர்வே எண், நீர்மட்டம், அன்றைய பயிர், முந்தைய மாதம் மோட்டார் ஓடிய மொத்த நேரம் ஆகியவை இருந்தால் போதும். நேரம் தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை, விடுபடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கிணறு வற்றியபின் பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி ஆகிறது என்பதை மாசியிலும் ஐப்பசியிலும் ஒரு முறை குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு பரப்பில் நெல் நடலாம் என்பதை அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

மழையையும் அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒன்றை மரநிழல் படாத வெட்டவெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்தால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும். வானிலைத் துறை அளப்பதும் அதே நேரத்தில்தான். இதற்கு வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருந்தால் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்யும்.

ஒரே ஒருவர் அளந்தால் அது அவருடைய நோட்டு. ஓர் ஊரில் பத்துப் பேர், ஏரிக்கு அடியில் மூவர், நடுவில் நால்வர், மேட்டில் மூவர் என்று அளந்தால் அது ஊரின் கணக்கு. ஆந்திரத்தில் 7 வறட்சி மாவட்டங்களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் 2000-களில் இதைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகளே மழையும் கிணறும் அளந்து, பின்பட்டப் பயிருக்கு முன்பு ஊர்க்கூட்டம் போட்டு, இருக்கும் நீர் இவ்வளவு, நடப்போகும் பயிருக்கு வேண்டியது இவ்வளவு என்று சுவரில் எழுதினார்கள். யாரும் தடை போடவில்லை. ஆனாலும் பல ஊர்களில் நெல் பரப்பைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

அளந்ததை யாரிடம் கொடுப்பது? மாவட்டத்துக்குள்ளேயே வாழவச்சனூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுவது வழக்கம். அப்படி வருகிறவர்களிடம் ஊர் நோட்டைக் காட்டி, வரைபடமாகப் போட்டுத் தரும்படி கேட்கலாம். அவர்களுக்கும் அது ஒரு பாடம். அந்த வரைபடத்தோடு கிராம சபைக்குப் போவது அடுத்த படி. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடுகிறது. கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி ஆதலால் அங்கே கிராம சபை இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. ‘தண்ணீர்ப் பஞ்சம் தீர்க்க ஆவன செய்க’ என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது எங்கும் போகாது. ‘எங்கள் ஊரின் பத்துக் கிணறுகளில் சென்ற மே மாதத்துக்கும் இந்த மே மாதத்துக்கும் இத்தனை அடி வேறுபாடு, இந்த ஏரியின் இந்த வரத்துக் கால்வாய் இத்தனை மீட்டர் தூர்ந்திருக்கிறது’ என்று எழுதினால் பொறியாளர் வந்து பார்க்க வேண்டியதாகும். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் அதே தாளைக் கொடுக்கலாம். 2021 முதல் மாநிலத்தில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அதற்கு முன் கருத்துக் கேட்கும்போது அனுப்பவும் அதே தாள் உதவும்.

மைய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் அளக்கிறது. ஊர் நோட்டில் அந்த நான்கு மாதங்களின் அளவு தவறாமல் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியதும் அதன் எண்ணும் தேதியும் உள்ள நகலை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வாங்கி, அந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.